ஒலிப்பதிவுக்கு ஹெட்போன் தேர்வு: காதில் படிவதே முதல் சோதனை

மண்டல காலம் தொடங்கும் முன்பே ஐயப்பன் பாடல்களைத் தமிழிலும் மலையாளத்திலும் பதிவு செய்து முடிக்க வேண்டியவர்கள், திருவிழா அறிவிப்புகளுக்கும் குறும்படங்களுக்கும் குரல் கொடுப்பவர்கள், வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருப்பவர்கள் எனப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் பணிபுரியும் நண்பர்களை மனத்தில் வைத்து இக்குறிப்புகளை எழுதுகிறேன். ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கும்போது பெரும்பாலோர் ஒலித்தரத்தை முதலில் பார்க்கிறார்கள். அணிவதற்குச் சுகமாக இருக்கிறதா என்பதைக் கடைசியில், அதுவும் நேரமிருந்தால் பார்க்கிறார்கள். என் கணிப்பில் இவை இரண்டையும் பிரிக்க முடியாது. குஷன் காதைச் சுற்றி எவ்வாறு படிகிறது என்பதைப் பொறுத்தே பேஸ் எனும் தாழ்ந்த ஒலி எவ்வளவு கேட்கும், இடமும் வலமும் சமமாக ஒலிக்குமா, இரண்டாவது மணி நேரத்திலும் உங்கள் தீர்ப்பு நிதானமாக இருக்குமா என்பவை எல்லாம் அமைகின்றன.

கம்பி உள்ள ஹெட்போனையே ஏன் வாங்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புளூடூத் வழியாகச் செல்லும் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதால் பெரும்பாலும் 100 மில்லிவிநாடிக்கு மேல் தாமதமாகவே காதை அடைகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது பொருட்டல்ல. ஆனால் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு தாளத்தில் நிற்க வேண்டிய பாடகருக்கு இந்தத் தாமதம் பாடவே விடாது.

அடுத்த கேள்வி மூடிய வகையா, திறந்த வகையா என்பது. மூடிய வகையில் காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபட்டிருக்கும்; சுருதிப்பெட்டியோ தாளமோ கசிந்து மைக்கில் ஏறாது. திறந்த வகையின் வெளிப்புறம் வலையாக இருக்கும்; ஒலி இயல்பாக விரிந்து கேட்கும், காதில் வெப்பமும் குறைவு, ஆனால் உள்ளே ஒலிப்பது அனைத்தும் வெளியேயும் கேட்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடிய வகையையே வாங்குங்கள். 1991 முதல் விற்பனையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஆகிய மூன்றும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. பதிவு முடிந்து, குரலையும் இசையையும் கலந்து சமன் செய்யும் மிக்சிங் மட்டும் செய்பவர்களுக்கு, 1997 இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற திறந்த வகை இன்றும் மிகச் சிறந்த துணை. ஏகேஜி கே240 இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது; அதன் தலைப்பட்டை தானாகவே தலைக்கு ஏற்ப இறங்கிப் பொருந்துவது பெரிய வசதி என்றாலும், உணர்திறன் மிக்க கண்டென்சர் மைக்கின் முன் நின்று பாடுபவருக்கு அதைத் தர மாட்டேன்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மூடிய ஹெட்போனில் கேட்கும் பேஸ், குஷனுக்கும் தலைக்கும் இடையே அடைக்கப்பட்ட சிறு காற்றறையின் அழுத்த மாற்றத்தால் உண்டாவது. அந்த அறையில் சிறு இடைவெளி விழுந்தாலும் தாழ்ந்த ஒலி முதலில் வெளியேறிவிடும். மூக்குக் கண்ணாடியின் தடித்த கொம்பு, காதோரம் திரண்ட தலைமுடி, ஜிமிக்கி, பெரிய தோடு ஆகிய எதுவும் இந்த இடைவெளியை உண்டாக்கப் போதும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைக் குறைந்த ஒலியளவில் ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது அது கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணாடி அணிபவர்கள் இச்சோதனையைக் கண்ணாடியோடும் கழற்றியும் இருமுறை செய்ய வேண்டும். ஒலிப்பதிவுக்கென்றே மெல்லிய கம்பிக் கொம்புள்ள ஒரு கண்ணாடியைத் தனியாக வைத்துக்கொள்வது வீண்செலவு ஆகாது.

இடைவெளியை அடைக்க ஹெட்போன் தலையை இறுகப் பிடிக்க வேண்டும். அதே பிடிப்புத்தான் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தாடையிலும் காதின் பின்புறத்திலும் வலியாக மாறுகிறது. சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ வெளியொலியை 32 டெசிபல் வரை குறைப்பதாக அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. பக்கத்தில் செண்டை முழங்கினாலும் தாங்கும் அளவுக்கான இந்த அடைப்பு, அதன் கடினமான பிடிப்பினாலும் கிடைப்பதே. தலை சற்றுப் பெரிதாக உள்ளவர்களுக்கு அது நீண்ட நேரம் ஒத்துவராது. புதிய ஹெட்போன் இறுக்கமாக இருந்தால், உங்கள் தலையைவிடச் சிறிதளவே அகலமான புத்தக அடுக்கின் மேல் அதை மாட்டி ஓரிரு இரவுகள் விட்டுவையுங்கள். உள்ளே உருக்குப் பட்டை உள்ள மாதிரிகள் இதனால் நன்றாகத் தளரும். கையால் வலிந்து வளைக்கக் கூடாது. அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் பேஸும் சேர்ந்தே போய்விடும் என்பதால், ஒவ்வோர் இரவுக்குப் பின்னும் மேற்சொன்ன அழுத்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மேலே சொன்னவை பெரும்பாலும் 230 முதல் 285 கிராம் வரையிலானவை. அந்த எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்குகிறதா, பரவலாகப் படிகிறதா என்பதுதான் வேறுபாடு. கிண்ணத்தின் ஆழத்தை அவசியம் பாருங்கள். காது மடலின் நுனி உள்ளே இருக்கும் ஒலிக்கருவியின் மூடியில் உரசினால், முதல் பத்து நிமிடங்களில் தெரியாத அந்த உரசல் பின்னர் பொறுக்க முடியாததாகிவிடும். கடையில் ஒரு பாட்டு முடியும்வரை அணிந்து பார்த்து வாங்குவது போதாது. கோயம்புத்தூர்க் கடைக்குச் செல்வதென்றால் அவசரமில்லாத நாளில் சென்று, குறைந்தது அரை மணி நேரம் கழற்றாமல் அணிந்திருக்க இசைவு கேளுங்கள்.

நம் வட்டாரத்துக்கு வெப்பமும் சேர்ந்த ஒரு சிக்கல் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுச் சீமையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்; பதிவு நடக்கும்போதோ மின்விசிறியின் ஒலி மைக்கில் ஏறும் என்பதால் அதையும் நிறுத்திவிடுகிறோம். அந்த அறையில் ரெக்சின் குஷன் காதைச் சுற்றி வியர்வையைத் தேக்கிவிடும். டிடி 770 ப்ரோவின் 80 ஓம், 250 ஓம் மாதிரிகளில் வரும் வெலூர் துணிக் குஷன் இவ்வகையில் பெரிய ஆறுதல். மென்மையாகப் படியும், காற்றும் சற்று ஊடாடும். துணியாக இருப்பதால் அது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்; எனவே அவ்வப்போது கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பிட்டு அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். ரெக்சின் குஷனை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அது விரைவில் வெடித்து உரியும். தலையில் தேய்க்கும் தேங்காயெண்ணெயும் ரெக்சினுக்குப் பகைதான். பலர் மாற்றி மாற்றி அணியும் ஹெட்போனாக இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய பருத்தி உறையை வைத்துக்கொள்வது தூய்மைக்கும் குஷனின் ஆயுளுக்கும் நல்லது.

உரிந்த குஷனை மாற்றும்போது மட்டும் கவனம் தேவை. தடித்த, மெத்தென்ற வேறு குஷனை மாட்டினால் காதுக்கும் ஒலிக்கருவிக்கும் உள்ள தூரம் கூடுகிறது. துளையிட்ட பரப்போ துணியோ இருந்தால் அடைப்பும் மாறுகிறது. சுகம் கூடலாம், ஆனால் நீங்கள் பழகிய ஒலி இருக்காது. பாடுபவருக்குக் கொடுக்கும் ஹெட்போனில் இப்படி மாற்றுவதில் பிழையில்லை. மிக்சிங்கில் தீர்ப்புச் சொல்லும் ஹெட்போனுக்கு அதே நிறுவனத்தின் அசல் குஷனையே வாங்கி மாட்டுங்கள்.

ஒலியைச் சோதிக்க, கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டை நம்பாமல் நீங்கள் பலமுறை கேட்டுப் பழகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். முதலில் இரு பக்கமும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவு ஒன்று வேண்டும். செம்பை வைத்தியநாத பாகவதரின் பழைய இசைத்தட்டுப் பதிவு ஏதேனும் இருந்தால் மிகச் சிறப்பு. மோனோவில் குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணியுங்கள். சாய்வும் சேர்ந்து பக்கம் மாறினால் குற்றம் ஹெட்போனிலோ அதை இணைத்த கருவியிலோ இருக்கிறது; வேறொரு கருவியில் செருகினால் எது என்று தெரிந்துவிடும். பக்கம் மாறாமல் நின்றால், அந்தப் பக்கம் குஷன் சரியாகப் படியவில்லை, அல்லது உங்கள் காதுகள் இரண்டும் ஒரே அளவில் கேட்கவில்லை. இரண்டாவது சாத்தியத்தை அலட்சியம் செய்யாமல் காது மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

அடுத்து மிருதங்கம். தொப்பி எனும் அதன் இடப்பக்கத்தின் கும்காரம் வழுக்கிச் செல்லும்போது அதன் சுரம் தெளிவாகத் தெரிய வேண்டும்; வெறும் அதிர்வாக வீங்கிக் கேட்டால் அந்த ஹெட்போன் பேஸை மிகைப்படுத்துகிறது. பின்னர் பஞ்சாரி மேளத்தின் ஒரு பதிவைக் கேளுங்கள். அத்தனை செண்டைகளுக்கும் மேலே இலைத்தாளம் எனும் கைத்தாளத்தின் ஒலி தனித்தனித் தட்டாகக் கேட்கிறதா, ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். இறுதியாகப் பேச்சு. சகர, டகர ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பதால், டப்பிங் செய்வோர் நன்கு அறிந்த ஒருவரின் குரலை இரு மொழியிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. டிடி 770 ப்ரோவில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சற்று எழும்பியிருக்கும். குரலில் உள்ள சீறலை அது எடுத்துக்காட்டும் என்பது நன்மை. அதை நம்பி ட்ரெபிள் எனும் உயர்ந்த ஒலியை வெட்டிவிட்டால் மற்ற ஒலிபெருக்கிகளில் பாட்டு மங்கிக் கேட்கும் என்பது தீமை. எந்த ஹெட்போனுக்கும் இப்படி ஒரு சார்பு உண்டு. அதை அறிந்துகொண்டு பணிபுரிந்தால் போதும்.

ஓம் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். 250 ஓம் என்பது உயர்ந்த தரம் என்று எண்ணி வாங்கிவந்து, கைபேசியில் செருகி, ஒலி போதவில்லை என்று வருந்துவோர் உண்டு. ஓம் என்பது மின்தடையின் அளவு. தரத்தின் அளவு அன்று. ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் 250 ஓம் டிடி 770 ப்ரோ, உச்சத்தில் 110 டெசிபலை எட்ட ஏறத்தாழ 2.5 வோல்ட் வேண்டும். ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல் தரும் 38 ஓம் ஏடிஎச்-எம்50எக்ஸ் அதே அளவை 0.7 வோல்ட்டில் எட்டிவிடும். கைபேசியோடு இணைக்கும் சிறு யூஎஸ்பி ஜாக்குகள் பல, ஒரு வோல்ட் அளவுக்குத்தான் தருகின்றன. ஆகவே மடிக்கணினியிலோ கைபேசியிலோ நேரே செருகுபவர்கள் 80 ஓமுக்குள் நிற்பது நல்லது. 250, 300 ஓம் வகைகளை வாங்குபவர்கள், அவற்றுக்கு வேண்டிய ஆற்றலைத் மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் தங்கள் இன்டர்ஃபேஸோ ஹெட்போன் ஆம்பிளிஃபையரோ தரும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாடகர்கள் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுவதைக் குறையாகக் கருத வேண்டாம். இரு காதும் அடைபட்டால் தன் குரலின் தாழ்ந்த பகுதி எலும்பு வழியாக உள்ளே பெருகி, முழக்கமாகக் கேட்கும். சுருதியை உணர்வது கடினமாகும். அவர்களுக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒலியை அனுப்பிவிட்டு, திறந்த பக்கத்தின் ஒலியை முழுவதும் நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் அந்தக் கிண்ணத்திலிருந்து கசியும் தாளம் குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும், பிறகு அதை நீக்கவே முடியாது.

ஒலியளவில் கண்டிப்பு வேண்டும். உலக சுகாதார அமைப்பின் அளவுகோல்படி, பெரியவர்கள் வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபலில் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 86 டெசிபல் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரமே. குஷன் சரியாக அடைக்காத ஹெட்போனில் பேஸ் குறைவதால் கை தானாகவே ஒலியைக் கூட்டுகிறது. காதின் நலனும் குஷனின் படிமானத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பதை அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

மிக்சிங்கை ஹெட்போனிலேயே முடித்துவிடாமல், ஒருமுறை சிறு ஒலிபெருக்கியிலும், பாட்டு கோயிலுக்கு என்றால் குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டுவிடுங்கள். தாழ்ந்த ஒலிகளைக் குழாய் ஒலிபெருக்கி ஏறக்குறையக் கடத்துவதே இல்லை. ஹெட்போனில் நிறைவாக ஒலித்த தாளம் அங்கே காணாமல் போகலாம்.

கடைசியாகக் கேபிள். ஹெட்போன்கள் முதலில் பழுதாவது பெரும்பாலும் செருகுமுனை அருகே கம்பி மடியும் இடத்தில்தான். கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள ஏடிஎச்-எம்50எக்ஸ், எச்டி 600, கே240 ஆகியவற்றில் புதியதை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். எம்டிஆர்-7506, டிடி 770 ப்ரோ ஆகியவற்றில் பொதுவாகக் கேபிள் நிலையாக இணைக்கப்பட்டிருப்பதால் பற்றவைக்க வேண்டும். உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகளின் மேல் பெரும்பாலும் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டியோ சூட்டால் எரித்தோ நீக்கிய பிறகுதான் ஈயம் பிடிக்கும் என்பதைப் பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள். எந்த மாதிரியை வாங்குவது என்று முடிவு செய்யும் முன், அதற்கான அசல் குஷனும் கேபிளும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.