கோல்ஃப்: வலக்கை ஆட்டமா, இடக்கை ஆட்டமா?

எழுதும் கை எதுவோ அந்தக் கைக்கான மட்டையை வாங்கிவிடுவதுதான் கோல்ஃப் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. எழுதுவது, சாப்பிடுவது, கேரம் அடிப்பது எல்லாம் ஒரு கை வேலை. கோல்ஃபில் இரண்டு கையும் இடுப்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கமாகச் சுழல வேண்டும். ஆகவே உடம்பு எந்தப் பக்கம் தடையில்லாமல் திரும்புகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். வலக்கை ஆட்டம் என்றால் இடது தோள் இலக்கைப் பார்த்திருக்கும். பிடியில் இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். கிரிக்கெட்டில் வலக்கை பேட்ஸ்மேன் நிற்பதும் இப்படித்தான். இடக்கை ஆட்டம் இதற்கு அப்படியே கண்ணாடிப் பிம்பம். எழுதும் கைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்குக் கிரிக்கெட்டிலேயே சான்று உண்டு: சச்சின் இடக்கையால் எழுதுவார், வலக்கை பேட்ஸ்மேன். கங்குலி மற்ற வேலைகளுக்கு வலக்கைக்காரர், மட்டை பிடித்தால் இடக்கை. கோல்ஃபில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சனும் அப்படித்தான். வலக்கைக்காரரான அவர், சிறு வயதில் அப்பாவுக்கு எதிரே நின்று அவர் ஆடுவதைப் பார்த்துப் பழகியதால் இடக்கை ஆட்டக்காரர் ஆனார். 1963-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ், 2003-ல் மாஸ்டர்ஸை வென்ற கனடாவின் மைக் வியர் இருவரும்கூட அன்றாட வேலைகளில் வலக்கைக்காரர்களே.

மைதானத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. நீண்ட கழி கட்டிய துடைப்பத்தால் முற்றம் பெருக்கும்போது எந்தக் கை கீழே போகிறது? கேரட் பாத்தியில் மண்வெட்டி போடும்போது எந்தக் கை இரும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது? கோடரியால் விறகு பிளக்கும்போது? யோசிக்காமல் செய்யும்போது கீழே போகிற கை வலக்கை என்றால் வலக்கை ஆட்டத்துக்கும், இடக்கை என்றால் இடக்கை ஆட்டத்துக்கும் உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கிறது. சில வேலைக்கு ஒரு கை, சில வேலைக்கு மறு கை என்று வந்தால் அடுத்து வரும் புல் சோதனை கட்டாயம்.

ஹாக்கி ஆடியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாக்கிக் கட்டையில் இடக்கைக்காரருக்கென்று தனி வகை கிடையாது. எல்லோரும் இடது கையை மேலே வைத்தே ஆடியாக வேண்டும். பிறவி இடக்கைக்காரர்கூட பள்ளியில் ஹாக்கி ஆடியிருந்தால் வலக்கை ஆட்டம் எளிதாகத் தோன்றும். அதில் தவறில்லை. பல வருடப் பழக்கமும் கைமுதல்தான், அதையே வைத்துக்கொள்ளலாம்.

புல் சோதனைக்கு மட்டைகூட வேண்டாம். ஏழாம் நம்பர் அயர்ன் என்னும் நடுத்தர நீள மட்டை ஏறக்குறைய 37 அங்குல நீளம் இருக்கும்; அந்த நீளத்துக்கு ஒரு கழி போதும். புல்லில் ஒரு கம்பளி நூலை நேராக இழுத்துப் போடுங்கள். அது இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஆரம்பித்து முன்னோக்கிப் போகும்படி, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். கைகள் இடுப்பு உயரத்துக்கு மட்டும் போகும் அரை வீச்சு போதும். பத்து வீச்சு வலக்கை ஆட்டமாக, பத்து இடக்கை ஆட்டமாக என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு முப்பது செய்யுங்கள். இரண்டை மட்டும் எண்ணுங்கள். கழி புல்லை எங்கே உரசியது என்பது ஒன்று. நூலின் மேலோ, நூலைத் தாண்டி இலக்குப் பக்கம் நாலு விரற்கடைக்குள்ளோ உரசினால் நல்லது. நூலுக்குப் பின்னாலேயே தரையில் இடித்தால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். வீச்சு முடிந்த நிலையில் மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்க முடிகிறதா என்பது மற்றொன்று.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். முதல் நாள் கிரிக்கெட்டோ ஹாக்கியோ பழகிய பக்கம்தான் ஜெயிக்கும். மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து, மறுபக்கம் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது என்று பாருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடிகாலைக் குளிரில், கனத்த ஸ்வெட்டரோடு இந்தச் சோதனை செய்வது வீண். விரலும் தோளும் விறைத்திருக்கும்போது இரண்டு பக்கமும் மோசமாகத்தான் இருக்கும். வெயில் ஏறட்டும், பத்து நிமிடம் நடந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொரு பெரிய தவறு, வலக்கை மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கம் பந்தை அடித்துப் பார்ப்பது. அடிக்கும் முகத்தின் சாய்வும் எடையும் தாறுமாறாகிவிடும். பந்து எங்கே போனாலும் அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பந்து வைத்துச் சோதிக்க வேண்டுமானால் உண்மையான இடக்கை மட்டையே வேண்டும். அடையாளம் காண்பது சுலபம். மட்டையின் நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கம் நீட்டியபடி அடிப்பாகத்தைத் தரையில் வையுங்கள். அடிக்கும் முகம் உங்கள் இடப்பக்கம் பார்த்தால் வலக்கை மட்டை, வலப்பக்கம் பார்த்தால் இடக்கை மட்டை.

இரண்டு பக்கமும் சமமாக வந்தால்? முழங்காலைக் கேளுங்கள். வீச்சு முடியும்போது உடம்பின் சுழற்சி முழுவதும் இலக்குப் பக்கத்துக் காலில் போய் இறங்கும். வலக்கை ஆட்டத்தில் அது இடது முழங்கால். அங்கே பழைய அடி இருந்தால் இடக்கை ஆட்டம் நல்லது. வலது முழங்காலில் இருந்தால் வலக்கை ஆட்டம். முழங்கால் இரண்டும் நன்றாக இருந்தால் வலக்கை ஆட்டமே வசதி. பழைய மட்டைகள், இரவல் மட்டைகள், வாடகை செட்டுகள் பெரும்பாலும் வலக்கைக்குத்தான் கிடைக்கும். ஊட்டி, குன்னூரை ஒட்டிய வெல்லிங்டன், கொடைக்கானல் என்று எங்கே ஆடப் போனாலும், இடக்கை செட் வேண்டுமென்றால் மலையேறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சோதனையில் இடப்பக்கம் தெளிவாக நன்றாக இருந்தால், மட்டை கிடைக்காது என்பதற்காக வலப்பக்கம் போகாதீர்கள். ஆரம்பத்துக்கு ஏழாம் நம்பர் அயர்ன், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் ஒன்று, குழிக்குள் பந்தை உருட்டிவிடும் பட்டர் ஒன்று என மூன்று போதும். 14 மட்டை என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு மட்டுமே.

கையுறை, பிடியில் மேலே இருக்கும் கையில் போடுவது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கையில், இடக்கை ஆட்டக்காரருக்கு வலது கையில். பாக்கெட்டில் ‘லெஃப்ட் ஹேண்ட்’ என்று இருந்தால் பொதுவாக இடது கையில் மாட்டும் உறை, அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கானது. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மலை மைதானத்தில் எல்லோரும் கேட்கும் சந்தேகம் ஒன்று: சரிவில் எந்தக் கைக்கு லாபம்? ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் மேடுகளில் சமதளமான இடம் குறைவுதான். இலக்கைப் பார்த்து நிற்கும்போது வலப்பக்கம் மேடாக இருந்தால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் இருக்கும். அதே இடத்தில் இடக்கை ஆட்டக்காரருக்குப் பாதத்துக்குக் கீழே இருக்கும். பந்து மட்டும் இருவருக்கும் இடப்பக்கமாக, அதாவது பள்ளத்தை நோக்கியே வளையும். எனவே இருவரும் மேட்டுப் பக்கம் தள்ளித்தான் குறி வைக்க வேண்டும். பந்து உயரத்தில் இருப்பவர் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும், கீழே இருப்பவர் முழங்காலை இன்னும் மடக்க வேண்டும். சரிவு ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. பதினெட்டுக் குழி முடிவதற்குள் இருவருக்கும் இரண்டும் வந்துவிடும். கை தேர்வு செய்ய இது காரணமாகாது.

குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். எதிரே நின்று காட்டினால் மிக்கல்சனைப்போலப் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கம் பழகும். முதல் சில வாரம் இரண்டு பக்கத்து பிளாஸ்டிக் மட்டையையும் போட்டுவிட்டு, எதை எடுக்கிறது என்று பார்த்திருங்கள். வலக்கை ஆட்டக்காரர்போல் நின்றுகொண்டு இடது கையைக் கீழே பிடிக்கிற பிள்ளையைத் திட்டித் திருத்த வேண்டாம். இடக்கை மட்டை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் பிடி தானாகச் சரியாகிவிடும்.

ஐந்தாறு வருடம் ஒரு பக்கம் ஆடியவர் பக்கம் மாற வேண்டியதில்லை. பட்டரால் பந்தை உருட்டும் பட்டிங் மட்டும் விதிவிலக்கு: குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்னும் குறும்புல் தளத்தில் கை நடுங்குகிறவர் மறுபக்கத்து பட்டரைப் பிடித்துப் பார்க்கலாம், விதியில் தடை இல்லை. அமெரிக்கர் நோட்டா பிகே பந்து வளையும் திசையைப் பொறுத்து இரண்டு பக்கமும் பட்டிங் செய்தவர்.

மறுபக்க வீச்சு இன்னோர் இடத்திலும் கைகொடுக்கும். பந்து பைன் மரத்தின் அடியிலோ முட்புதரை ஒட்டியோ போய், உங்கள் பக்கம் நிற்கவே இடமில்லாமல் போகும். அப்போது வெட்ஜைத் தலைகீழாகத் திருப்பி, நுனி தரையைப் பார்க்க, மறுபக்கம் நின்று அடிக்கலாம். மட்டையின் தலைப்பாகம் எதனாலும் பந்தை அடிக்க விதி அனுமதிக்கிறது. பின்னால் முழங்கால் உயரம் வரை மட்டும் எடுங்கள், கண் பந்தைவிட்டு விலகக் கூடாது, புல் வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேக்குப் பந்து திரும்பி வந்தால் போதும். கிரீனுக்குக் குறி வைத்து முழு வீச்சு வீசினால் பந்து இன்னும் உள்ளே போய்விடும்.