மேற்பிரிவுக்கு ஏறிய ஊர்க் கழகம்: ஆள் எடுப்பு, பயிற்றுநர், சனம் பற்றிச் சரியாக வாதிடுவது எப்படி

மாவட்ட உதைபந்தாட்ட லீக்கில் மேற்பிரிவுக்கு ஏறிய கழகத்தில் பட்டாசுச் சத்தம் அடங்க முன்னமே மூன்று வாதங்கள் தொடங்கும். யாரை எடுப்பது, பயிற்றுநரை வைத்திருப்பதா மாற்றுவதா, பார்க்க வரும் சனத்தை எப்படிக் கூட்டுவது. வாசிகசாலை வாசலில் குரல் பெரிய ஆளின் பேச்சே வெல்லும். பருவம் பாதி போன பிறகுதான் அது பிழை என்று தெரியும். மூன்றையும் தீர்க்க ஒரே வழி ஆட்டக் கொப்பி. அது இல்லாத கழகம் முதலில் அதைத் தொடங்கட்டும். ஆள் தேடுவது பிறகு.

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். எழுதுபவர் கரையில் நின்று கத்தாத ஒருவராக இருக்க வேண்டும். கத்துகிறவர் கோல் விழுந்த நிமிடத்தைத் தவறவிடுவார். தொடக்க விசிலோடு போனில் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டு, வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நிமிடத்தையும் வழியையும் எழுதுங்கள். வழி ஐந்துக்குள் அடங்கும்: மூலை உதை அல்லது பிறீ கிக், பக்கத்திலிருந்து வந்த குறோஸ், பின்கள வரிசைக்குப் பின்னால் விழுந்த நீளப் பந்து, சொந்தப் பாதியில் பறிகொடுத்த பந்து, எதிராளியின் தனித்திறமை. இரு பக்கமும் கோல் கம்பத்துக்குள் அடித்த அடிகளை எண்ணுங்கள். அந்தக் கிழமை பயிற்சிக்கு யார் வரவில்லை என்பதையும் பக்கத்தின் அடியில் குறியுங்கள்.

நடுவரின் பிழைக்குத் தனி வரி ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் எல்லாக் கோலுக்கும் அதுவே காரணமாக எழுதப்பட்டுவிடும். அடுத்த நாள் நினைவில் வைத்து எழுதும் கொப்பியும் பயன்படாது, இரவோடு இரவாகக் கதை மாறிவிடும்.

இனி இலக்கு. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு பிரிவில் தங்குவதற்கு நல்ல அளவுகோல். இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் 2022-23இல் புதிதாக ஏறிய நொட்டிங்ஹாம் பொரஸ்ட் 38 ஆட்டத்தில் 38 புள்ளி எடுத்துத் தங்கியது. அடுத்த பருவத்தில் லூட்டன் 26, பேர்ன்லி 24, ஷெபீல்ட் யுனைட்டட் 16; ஏறிய மூன்றும் இறங்கின. 2024-25இலும் அதே கதை: லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்ஹம்ப்டன் 12. கோடிக்கணக்கில் காசு புரளும் இடத்திலேயே ஏறியவர்களின் முதல் வருடம் இப்படி. பத்து அணி ஒரு சுற்று ஆடும் லீக்கில் ஒன்பது ஆட்டம் என்றால் மூன்று வெற்றி, ஒரு சமநிலை, மொத்தம் 10 புள்ளி என்று பொதுக்கூட்டத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கிண்ணம் தூக்குவோம் என்று மேடையில் சொன்ன நிர்வாகத்தை இரண்டாவது தோல்வியோடு சனம் கைவிடும்.

ஆள் எடுப்பில்தான் காசும் மனத்தாங்கலும் அதிகம். எல்லாரும் கேட்பது முன்கள வீரரை. கீழ்ப்பிரிவில் கோல் அடித்த பெடியள் மேலேயும் சில கோல் அடிப்பார்கள்; கீழே தண்டனையில்லாமல் தப்பிய பின்களப் பிழைகளோ மேலே ஒவ்வொன்றும் கோலாகும். ஆகவே கொப்பியைத் திறந்து கடைசிப் பத்து ஆட்டத்தில் வாங்கிய கோல்களை வழிவாரியாகக் கூட்டுங்கள். குறோஸும் மூலை உதையும் கூடவென்றால் உயரமான நடுப் பின்கள வீரரும், கோல் கோட்டிலிருந்து வெளியே வந்து பந்தைப் பிடிக்கிற கோல்காப்பாளரும் தேவை. நீளப் பந்து கூடவென்றால் உயரம் உதவாது, திரும்பி ஓடக்கூடியவர் வேண்டும். சொந்தப் பாதியில் பறிகொடுத்தது கூடவென்றால் ஆள் எடுக்காதீர்கள்; அது பயிற்சியில் திருத்த வேண்டியது.

வெளியிலிருந்து மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் ஏற்றிவிட்ட ஊர்ப் பெடியள் வாங்கில் இருந்து சலித்து வேறு கழகம் பார்ப்பார்கள், அவர்களுடைய வீட்டாரும் மைதானத்துக்கு வரமாட்டார்கள். பொரஸ்ட் அந்த ஒரு பருவத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துத் தப்பியது உண்மைதான். ஆனால் அங்கே வீரர்கள் சம்பளத்துக்கு நாளாந்தம் பயிற்சி செய்கிறார்கள். இங்கே மாங்குளத்தில் இருக்கும் பெடியன் முல்லைத்தீவுக் கழகத்துக்கு ஆடினால், ஏ34 வீதியால் பயிற்சிக்கு வந்துபோக ஒவ்வொரு முறையும் பெற்றோல் வேண்டும். பேசும் தொகையில் அதைச் சேர்க்காத கழகம் மூன்றாம் கிழமையிலிருந்து அவரை ஆட்ட நாளில் மட்டும்தான் காணும்.

எடுக்க முன் நான்கு விடயங்களைப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு பயிற்சிக்கு வரமுடியுமா? கடல்தொழில் செய்பவரென்றால் எந்த நேரம் வலைக்குப் போகிறார், வயல் செய்பவரென்றால் பெரும்போக விதைப்பிலும் அறுவடையிலும் எத்தனை நாள் வராமல் விடுவார்? ஆட்டத்துக்கு முதல்நாள் அணிக்கு ஏழு பேர் தொடர்களில் காசுக்கு ஆடுகிறவரா? முழங்கால் பழைய காயமா? இரண்டு பயிற்சியும் ஒரு சிநேகபூர்வ ஆட்டமும் ஆடவைத்துப் பார்த்த பிறகே கைகொடுங்கள்.

கடதாசி வேலையைச் செயலாளர் ஒருவரே செய்யட்டும். பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வேண்டும். போனில் சொன்ன சம்மதம் முறைப்பாடு வந்த நாளில் நிற்காது. பதிவு முடியும் திகதியை லீக் செயலாளரிடம் கேட்டுக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பீபா விதிப்படி ஒருவர் ஒரு பருவத்தில் அதிகபட்சம் 3 கழகங்களில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் பொதுவாக 2 கழகங்களுக்கே ஆடலாம். பருவ நடுவில் எடுப்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். தகுதியில்லாதவரை இறக்கினால் வென்ற ஆட்டத்தின் புள்ளியே பறிபோகலாம்.

பயிற்றுநர் விடயத்தில் முதலில் ஒன்றைப் பிரித்துப் பேசுங்கள். எங்கள் கழகங்களில் முகாமையாளர் என்பவர் அணிப் பட்டியல், அடையாள அட்டை, வாகனம் பார்ப்பவர். யார் ஆடுவது என்று முடிவெடுப்பவர் பயிற்றுநர். ஒருவருடைய பிழையை மற்றவரின் தலையில் கட்டும் வாதமே பாதி.

தோற்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கொப்பியில் 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு வாங்கிய கோல்கள் கூடினால் உடற்தகுதி போதவில்லை. மூலை உதையில் திரும்பத் திரும்ப வாங்கினால் அதற்குப் பயிற்சி இல்லை; ஒவ்வொரு பயிற்சியிலும் 20 நிமிடம் அதற்கே ஒதுக்கச் சொல்லுங்கள். நான்கு கிழமை கொடுத்தும் அதே வழியால் அதே கோல் என்றால், அப்போது மாற்றுவதைப் பேசலாம். பேர்ன்லி 2022-23இல் பயிற்றுநர் வின்சன்ட் கொம்பனியின் கீழ் 101 புள்ளியோடு ஏறி, பின்னாலிருந்து குறும்பாஸ் போட்டுக் கட்டும் ஆட்டத்தை மேலேயும் ஆடி இறங்கியது. சவுத்ஹம்ப்டன் அதே மாதிரி ஆடி, 16 ஆட்டத்தில் 5 புள்ளியோடு நின்றபோது பயிற்றுநரை மாற்றியது; அதுவும் இறங்கியது. பொரஸ்ட் தொடக்கத் தோல்விகளிலும் பயிற்றுநர் ஸ்டீவ் கூப்பரை விடாமல் தங்கியது. ஆளை மாற்றுவதை விட ஆட்டத்தை மாற்ற அவர் சம்மதிப்பாரா என்பதே பெரிய கேள்வி. கிறவலும் குழியுமான மைதானத்தில் கோல்காப்பாளரின் காலிலிருந்து குறும்பாஸ் தொடங்குவது எதிராளிக்குக் கோல் கொடுப்பதுதான்.

சனத்தை எண்ணாமல் சனம் குறைந்தது என்று சொல்லாதீர்கள். இரு பாதியிலும் 20ஆம் நிமிடத்தில் மைதானத்தைச் சுற்றி நடந்து எண்ணுங்கள். பெண்கள், சிறுவர், எதிரணிச் சனம் என்று பிரித்து எழுதுங்கள். முதற்பாதியில் கூடி இரண்டாம் பாதியில் குறைந்தால் பிரச்சினை ஆட்டமல்ல, இருட்டும் பஸ்ஸும். இரு பாதியும் இடைவேளையும் 105 நிமிடம், அதோடு கூட்டும் நேரம். மாலை 4 மணிக்குத் தொடங்கினால் முடிய 5.50 தாண்டும். ஆனியில் வெளிச்சம் 6.30 வரை இருக்கும். கார்த்திகையில் 5.50 அளவிலேயே சூரியன் இறங்கிவிடும், 3.30க்குத் தொடங்குங்கள்.

ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு மாதா திருவிழாவையும் வற்றாப்பளை அம்மன் பொங்கலையும் அண்டி ஊரில் ஆட்டம் கேட்க வேண்டாம், அரைவாசி ஊர் இருக்காது. கிடுகுப் பந்தலை மேற்குப் பக்கம் போடுங்கள். பின்னேர வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் பெண்களும் வயதானவர்களும் கடைசி வரை இருப்பார்கள். கோட்டிலிருந்து 3 மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கள், சனம் உள்ளே இறங்கி ஆட்டம் நின்றால் தண்டம் கழகத்துக்குத்தான். லீக் பொது மைதானத்தில் ஆட்டம் வைத்தால், சனத்தை ஏற்றிப்போக வான் ஒன்றுக்குக் காசு சேர்ப்பது புது முன்கள வீரருக்குச் சேர்ப்பதை விடப் பலன் தரும்.

பொதுக்கூட்டத்தில் பேச எழும்புகிறவர் எந்த ஆட்டம், எத்தனையாம் நிமிடம் என்று கொப்பியிலிருந்து காட்டிப் பேசட்டும். ஆளைப் பற்றிய பேச்சைத் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், ஏனெனில் அந்தப் பெடியனும் அங்கே இருப்பான், ஞாயிற்றுக்கிழமை அவன்தான் ஆட வேண்டும். மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் கூடுங்கள். பதிவு முடியும் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு கூட்டம் கட்டாயம், பிந்தினால் விடுவிப்புக் கடிதம் எடுக்க நேரம் போதாது.