ஓப்பன் சோர்ஸ் சேவையைச் சிறு தொழில்களுக்கு விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் விளம்பரத் தாளைக் காட்டிக் கருத்துக் கேட்டார். தனியாளாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். சர்வர், கோப்புப் பகிர்வு, இணையதளம், பேக்கப் என்று எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸில், அதாவது மூல நிரல் திறந்திருக்கும், எவரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய மென்பொருளில் செய்து தருவார். வேலை நன்றாகத் தெரிந்தவர். தாளின் உச்சியில் சிவப்பு நிறத்தில், கொட்டை எழுத்தில், "100% இலவச மென்பொருள்!" என்று போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. நான் முதன்முதலில் அச்சடித்த தாளிலும் இதே வரிதான், இதே சிவப்புதான். ஆச்சரியக்குறி மட்டும் மூன்று.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். போன் வந்தால் எடுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள், கொட்டேஷனில் வாடிக்கையாளர் பெயரைத் தப்பாக எழுதாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

லினக்ஸை விற்கப் போவது

சிறு தொழில் செய்பவர்கள் கூடியிருந்த ஓரிடத்தில் ஒரு முறை பேச இருபது நிமிடம் கிடைத்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தது, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான தன் கெர்னலை வெளியிட்டது, 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் பிறந்தது என்று மடமடவென்று பேசி முடித்தேன். வந்தது ஒரே ஒரு கேள்வி. "எங்ககிட்ட இருக்கற பிரிண்டர் இதுல ஓடுமா சார்?"

என்ன மாடல் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாடல் தெரியாமல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்: "போன வாரம் கம்ப்யூட்டரால் எந்த வேலை நின்றது?" யாரோ திறந்து மாற்றிச் சேமித்த கோப்பு, வேலையை விட்டுப் போனவரோடு போய்விட்ட வாடிக்கையாளர் பட்டியல், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகும் 11-க்கு ஏற முடியாமல் நிற்கும் மூன்று கணினிகள். விற்க வேண்டிய சரக்கை அவர்களே எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள்.

இலவசம் என்று ஆரம்பிப்பது

உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டில்லாததையும் குறிக்கும். அந்தக் குழப்பத்துக்கு அவர்கள் இன்னமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்று அருமையான சொல் கையில் இருக்கிறது. இருந்தும் விற்கப் போகிற இடத்தில் நம் வாயில் முதலில் வருவது இலவசம்தான். காரணம் எனக்குத் தெரியும். செய்கிற வேலைக்குப் பணம் கேட்க நமக்கே கூச்சம். அதனால் மென்பொருளுக்கு விலை இல்லை என்பதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறோம்.

நான் ஆரம்பித்த புதிதில், ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கோப்புகள் ஆளுக்கொரு கணினியில் சிதறிக் கிடந்தன. 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுதான் இறுதி' என்று பெயர்கள் வேறு. ஒரு கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, அதில் கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவினால் எல்லாம் ஓரிடத்துக்கு வந்துவிடும், தப்பாக மாற்றிய கோப்பின் பழைய வடிவத்தையும் திரும்ப எடுக்கலாம் என்று என் மடிக்கணினியில் காட்டினேன். உரிமையாளருக்கு மிகவும் பிடித்துப்போனது. "எவ்வளவு ஆகும்?" என்றார். என்னவோ நானே எழுதிய மென்பொருள் மாதிரி பெருமையாக, "சாஃப்ட்வேர் முழுக்க இலவசம் சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் கொட்டேஷன் அனுப்பினேன். நிறுவுவதற்கு, பழைய கோப்புகளை மாற்றுவதற்கு, ஐந்து பேருக்கும் சொல்லித் தருவதற்கு, பேக்கப் அமைப்பதற்கு, மாதாமாதம் பராமரிப்பதற்கு. நியாயமான தொகைதான். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "இலவசம்னு சொன்னீங்களே, அப்புறம் இது என்ன?"

விளக்கினேன். விளக்க விளக்க, நான் ஏதோ ஏமாற்றப் பார்ப்பது போல என் காதுக்கே கேட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூஜ்யம் என்ற எண்ணை அவர் மனதில் முதலில் வைத்தவன் நான். அதற்கப்புறம் எந்தத் தொகையைச் சொன்னாலும் அவர் அதைப் பூஜ்யத்தோடு ஒப்பிடுவாரே தவிர, ஐந்து பேர் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் ஆகும் நட்டத்தோடு ஒப்பிட மாட்டார்.

"இலவசம்தானே, நம்ம பையனே போட்டுடுவான்" என்று உறவுக்காரப் பையன் ஒருவனைக் கொண்டு போட்டுக்கொண்டார். பையன் கெட்டிக்காரன்தான், ஒரே மாலையில் நிறுவிவிட்டான். பேக்கப்பும் வைத்திருந்தான், அதே வட்டில் இன்னொரு ஃபோல்டரில். ஏழாவது மாதம் அந்த வட்டு செத்தது. கூப்பிட்டது என்னைத்தான். "நீங்க சொன்ன இலவச சாஃப்ட்வேர் கவுத்துடுச்சு சார்."

வட்டு செத்ததற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஐந்து கணினிகளிலும் ஒத்திசைந்திருந்த பிரதிகளைத் தேடிப் பொறுக்கி, முக்கால்வாசியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் பணம் வாங்கவில்லை. குற்ற உணர்ச்சி!

இதுவரைக்கும் நடந்ததைக்கூட மறந்துவிடலாம். இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்புவது அதற்குப் பிறகு நடந்தது. அவர் நல்ல மனிதர். நன்றி மறக்காமல் தெரிந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். என்னவென்று? "அவர்கிட்ட கேளுங்க, எல்லாமே இலவசமா பண்ணித் தருவார்." அடுத்த ஒரு வருடம் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, "நீங்க இலவசமா..." என்றுதான் தொடங்கின. சிறு தொழில் உலகில் வேலை வருவது வாய்வார்த்தையால். உங்களைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொல்லப் போவது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதிக் கொடுப்பவர் நீங்கள்தான். சிவப்பு மையில் அச்சடித்துக் கொடுத்தால் அதையேதான் சொல்வார்கள்.

இப்போது என் கொட்டேஷனில் லைசென்ஸ் கட்டணம் என்ற வரி இருக்கிறது. கடைசி வரி. அதற்கு நேரே பூஜ்யம், விளக்கம் எதுவும் இல்லை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேலை, ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. "மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை உங்கள் கண் முன்னால் மீட்டுக் காட்டுவது" என்பதுகூடத் தனி வரிதான். அதைப் படித்துவிட்டு, "இப்ப இருக்கற பேக்கப்பை நாங்க ஒருவாட்டிகூட இப்படிப் பாத்ததில்லையே" என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒரு வரி எனக்குக் கொண்டுவந்த வேலையை எந்த விளம்பரத் தாளும் கொண்டுவரவில்லை.

வேலைக்குக் கூலி கேட்பது கட்டற்ற மென்பொருளின் கொள்கைக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள், அந்தத் தம்பி உட்பட. சிக்னஸ் என்ற நிறுவனம் கட்டற்ற மென்பொருளுக்குச் சேவை செய்து சம்பாதிக்கவென்றே 1989-இல் தொடங்கப்பட்டது. லினக்ஸ் கெர்னல் பிறப்பதற்கு முன்பே! லினக்ஸுக்குச் சேவை விற்கும் ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய மூல நிரலுக்காகவா அவ்வளவு பணம்?

சரி, இலவசம் என்று சொல்லக் கூடாதென்றால் ஏன் ஓப்பன் சோர்ஸ் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்வது இதுதான்: "உங்கள் தகவல் உங்களிடமே இருக்கும், எவரும் திறக்கக்கூடிய வடிவத்தில் இருக்கும். நாளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் வேறொருவரைக் கூப்பிட்டு இதையே தொடரலாம்." கட்டற்றது என்பதன் பொருளே அதுதானே. முதலில் கேட்பவர் திகைப்பார். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்.

இருக்கும் மென்பொருளை இகழ்வது

அதைக் காசு கொடுத்து வாங்கியவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதாகச் சொல்வது

மூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. பல ஆண்டுகள் உழைத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதில் தொழில்நுட்பம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று நம்மவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அது இருக்கட்டும். அவர்களிடம் தனித் துறையே இருந்தது. உங்கள் வாடிக்கையாளரிடம் இருப்பது பில் போடும் ஒருவர், அவருக்கும் காலை பத்து மணிக்குப் பில் போட்டாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்குங்கள். பேக்கப், கோப்பு சர்வர், இணையதளம். அவர்கள் விரல் பழகிய திரையைக் கடைசியில் தொடலாம், தொடாமலேகூட விடலாம். எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் கொண்டுவருவதாக இருந்தால், எது நகராது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எக்செல் கோப்புக்குள் எழுதிவைத்த சிறு நிரல்களான மேக்ரோக்களில் சில ஓடும், சில ஓடாது. கலிப்ரி எழுத்துருவில் அடித்த கடிதம் வரி புரண்டு வரும். அதே அகலம் கொண்ட கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த நிறுவனம் அதிகம் புழங்கும் பத்துக் கோப்புகளை வாங்கி முன்கூட்டியே திறந்து பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் ஒரு தடவை இருபது கணினிகளை ஒரே வார இறுதியில் மாற்றினேன். திங்கட்கிழமை காலையை வர்ணிக்க விரும்பவில்லை.

சொந்த மெயில் சர்வர் வைத்துத் தருவது

வேண்டாம்.

அடுத்தவர் சார்பில் வாக்குக் கொடுப்பது

"ஓப்பன் சோர்ஸ் என்றால் பாதுகாப்பானது, ஆயிரம் கண்கள் பார்க்கின்றன." எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அது இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்-லுக்குள் இரண்டு ஆண்டுகளாக இருந்திருந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நுழைத்த கள்ள வழியைப் பிடித்தவை ஆயிரம் கண்கள் அல்ல. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு சற்றே தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரே ஒருவர் துருவியதால் தப்பித்தோம். பாதுகாப்பானது என்று விற்காதீர்கள். அப்டேட் எந்த நாளில் போடுவீர்கள், போட்டு ஏதாவது நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை விற்கலாம். அது உங்கள் கையில் இருக்கிறது.

மென்பொருளின் ஆயுளுக்கும் அதே கதைதான். சர்வர்களில் போடும் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8 வந்தபோது 2029 வரை ஆதரவு என்றிருந்தது. 2020 டிசம்பரில், 2021 இறுதியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். விளம்பரத் தாளில் "2029 வரை கவலை வேண்டாம்" என்று அச்சடித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதில் ஒருவரை மிக நன்றாகத் தெரியும். அத்தனை சர்வர்களையும் அவர் சொந்தச் செலவில்தான் மாற்றிக் கொடுத்தார்.

"நீங்க இல்லேன்னா?" என்ற கேள்விக்கு மழுப்புவது

தனியாளாகத் தொழில் செய்பவரைப் பார்த்து எல்லா வாடிக்கையாளரும் மனதுக்குள் கேட்பது இது. பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்று நான் சிரித்துச் சமாளித்த காலம் உண்டு.

இப்போது வேலை முடிந்ததும் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுக்கிறேன். நிர்வாகி பாஸ்வேர்டு, டொமைன் யார் பெயரில் இருக்கிறது, பேக்கப் எங்கே போகிறது, அதை மீட்பதற்கான கட்டளைகள் வரிசையாக, கூடவே இந்த வேலை தெரிந்த வேறு இரண்டு பேரின் எண்கள். அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருப்பேன். டொமைன் அவர்கள் பெயரிலேயே இருக்கும். என் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு வாடிக்கையாளரின் சர்வர் எழுந்திருக்கவில்லை. உறையைப் பிரித்து, அதில் இருந்த இரண்டாவது எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மாலைக்குள் மீட்டுவிட்டார். நான் போர்வைக்குள்ளிருந்து ஒரே ஒரு அழைப்புக்குத்தான் பதில் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு புதியவர் கூப்பிட்டார். "நீங்க வராமலே எல்லாம் சரியாகிடும்னு சொன்னாங்க. அந்த மாதிரிதான் எங்களுக்கும் வேணும்" என்றார். கேட்ட தொகைக்குப் பேரமே பேசவில்லை.

அந்தக் காய்ச்சல் நாளில் வந்த கேள்வி, இருக்கும் இரண்டு வட்டுகளில் எது பேக்கப் என்பது. உறையில் அதை எழுத மறந்திருந்தேன். இப்போது வட்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன்.