ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள்: நடந்து பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சுவரோவியம் தேடி நடப்பவர்கள் முதலில் கோட்டை விடுவது நேரத்தில்தான். மலேசியக் கடிகாரம் சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆனால் அந்தக் கடிகார நேரம் பொருந்தும் தீர்க்கரேகைக்கு வெகு மேற்கே கிடக்கிறது பினாங்கு. அதனால் அங்கே பொழுது விடிய 7 மணிக்கு மேல் ஆகும். சூரியன் உச்சிக்கு வருவதும் மதியம் 1 மணியைத் தாண்டித்தான். ஊரோ பூமத்திய ரேகையை ஒட்டி, வடக்கே ஐந்து பாகையில் இருக்கிறது. 11 மணிக்குக் கிளம்பி 3 மணி வரை நடந்தால், கூரை விளிம்பின் கறுத்த நிழல் ஓவியத்தைக் குறுக்கே வெட்டும். கீழ்ப்பாதி வெளிறித் தெரியும். 7.30க்குத் தெருவில் இறங்கி 9.30க்குள் முக்கியமானவற்றைப் பார்த்துவிடுங்கள். கடை திறந்து கூட்டம் சேர்ந்தபின், புகழ்பெற்ற ஓவியங்களின் முன் வரிசைதான் நிற்கும்.

அடுத்தது தெருப்பெயர்க் குழப்பம். 'லெபு' என்றால் தெரு, 'ஜாலான்' சாலை, 'லோரோங்' சந்து. முன்னால் 'காட்' என்று ஒட்டியிருந்தால் அது கடற்கரைப் பக்கம் நீளும் தனித் துண்டு. லூயிஸ் கான் வரைந்த, ஊஞ்சலில் ஆடும் அண்ணன் தங்கை ஓவியம் இருப்பது காட் லெபு சூலியாவில். 'காட்' என்பதைக் கவனிக்காமல் லெபு சூலியாவில் தேடினால், பினாங்கு ரோடு வரை நீளும் தெரு முழுக்க வெயிலில் அலைய வேண்டிவரும். பழைய பெயர்களும் இன்னும் வழக்கில் உள்ளன. உள்ளூர்க்காரர் 'பிட் ஸ்ட்ரீட்' என்று வழி சொன்னால், வரைபடத்தில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பாருங்கள்.

நடக்கும் வரிசையையும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. லெபு ஆர்மேனியனில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், பக்கத்துத் தெருவான லெபு ஆ குவியில் மோட்டார்சைக்கிள் பையன், லெபு கேனனில் நாற்காலிமேல் நின்று எட்டும் சிறுவன் என மூன்றும் கிட்டக்கிட்டதான். முந்த்ரி தெருவின் நீல உடைச் சிறுமி மட்டும் கொஞ்சம் தள்ளி. அங்கிருந்து இன்னொரு 15 நிமிட நடை. இவை நான்கும் லிதுவேனியக் கலைஞர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தவை.

நாலைந்து படம் எடுத்துவிட்டு ஊரைப் பார்த்தாயிற்று என்று திரும்புகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். சுவர்களில் தலைக்கு மேலே கறுத்த இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் இருக்கின்றன. 2008இல் நகரம் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டு மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து பிறந்தவை இவை. மொத்தம் 52. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் பழைய தொழிலையோ பெயர் வந்த கதையையோ சொல்கிறது. முந்த்ரி தெருப் பக்கம் இருக்கும் ஒன்று, காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைக் காட்டுகிறது. கூடவே இருக்கும் வாசகத்தைப் படிக்காவிட்டால் பாதி போயிற்று. இவற்றையும் ஸகாரெவிச்சின் வேலை என்று எழுதிவிடுகிறார்கள். இது வேறு குழு, பல கேலிச்சித்திரக்காரர்கள் சேர்ந்து செய்தது. படத்தைப் பகிரும்போது யாருடைய கை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பெயர் போடுங்கள்.

வாடகைச் சைக்கிளில் போனால் இவற்றில் பாதி கண்ணில் படாது. பார்வை முழுக்கச் சாலையில் இருக்கும், ஒருவழித் தெருக்கள் வேறு. நடப்பதானால் கடைவீடுகளின் முன்னே ஓடும் ஐந்தடித் தாழ்வாரங்கள் வெயிலுக்கும் மழைக்கும் காப்பு. ஆனால் அவற்றின் தரை ஒரே மட்டமாக இருக்காது, தெருவோரம் திறந்த சாக்கடையும் உண்டு. திரையைப் பார்த்தபடியே பின்னால் நகராதீர்கள். முந்த்ரி தெரு ஓவியம் போலப் பெரியதற்குக் கைப்பேசிக் கேமராவில் 0.5 அகலக் கோணம் போட்டால் கட்டடம் பின்னால் சாய்ந்து தெரியும். விளிம்பில் நிற்பவர் முகம் இழுபடும். எதிர்த் தாழ்வாரத்துக்குப் போய், கைப்பேசியை நேராகப் பிடித்து 1இல் எடுங்கள்.

சுவரைத் தொடுவதுதான் மிகுந்த கேடு. சைக்கிள், மோட்டார்சைக்கிள், நாற்காலி எல்லாம் நிஜப் பொருள்கள் என்பதால் ஏறி உட்காரத் தோன்றும். ஒவ்வொரு உடலின் எடையும் பிணைப்பைத் தளர்த்துகிறது. பிள்ளைகளின் கன்னத்தைத் தடவும் கைகளில் வியர்வையும் எண்ணெய்ப் பூச்சும் இருக்கின்றன. அந்தச் சுவர்களும் எளிதில் உதிர்பவை. பழைய செங்கல்லின்மேல் சுண்ணாம்புப் பூச்சு. தரையீரம் உள்ளே ஏறி, அந்தப் பூச்சின் வழியாகத்தான் வெளியேறும். மேலே அக்ரிலிக் பெயின்ட் படலம் அடைத்துக்கொண்டால் ஈரமும் உப்பும் பின்னால் தேங்கிக் கொப்புளம் கிளம்பும். அந்த நிலையில் ஒரு விரல் பட்டாலே சில்லாகப் பெயர்ந்து வரும். பக்கத்தில் நின்று படம் எடுங்கள், ஒரு கை இடைவெளி விட்டு.

இதே காரணத்தால் பழைய பட்டியல்களை நம்பிப் போகவும் கூடாது. நீரின்மேல் மரவீடுகள் நிற்கும் சியூ படகுத்துறையில் ஸகாரெவிச் வரைந்த படகுப் பிள்ளைகள் கடற்காற்றில் வெளிறிப்போனார்கள். புறப்படுமுன் வரைபடச் செயலியில் அந்த இடத்தின் அண்மைய படங்களைத் தேதியோடு பாருங்கள். படகுத்துறையில் நீங்கள் நடக்கும் பலகைப் பாதை குடித்தனக்காரர்களின் வாசல். சன்னல் வழியே உள்ளே படம் எடுக்காதீர்கள்.

தமிழர்கள் ஓவியப் பட்டியலிலேயே கண்ணாக இருந்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் லிட்டில் இந்தியாவை விட்டுவிடுவதும் உண்டு. லெபு குவீனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் பெயர் தாங்கிய தெரு எல்லாம் அங்கேதான். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா இந்நகரச் சுவரொன்றில் ஒரு இந்தியப் படகோட்டியைத் தீட்டியிருக்கிறார். துறைமுகத்தில் தமிழர் படகு வலித்த காலம் தெரிந்தவர் அந்த முகத்தின் முன் கூடுதலாகச் சற்று நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தால் காலையில் தெருக்களை முடித்துக்கொண்டு ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டிப்போவுக்குப் போங்கள். பழைய பேருந்துப் பணிமனை அது. முற்றத்துச் சுவர்களிலும் ஓவியங்கள் உண்டு, அன்றைக்கு அங்கே சந்தையும் கூடும்.