ரென்பையில் டயலாக் பெட்டியை நினைத்த இடத்தில் உட்கார வைப்பது

ரென்பை என்ற மென்பொருளில் நண்பர்கள் செய்யும் விஷுவல் நாவல்களுக்கு, அதாவது படமும் உரையாடலுமாக நகரும் கதை விளையாட்டுகளுக்கு, திரை அமைத்துக் கொடுப்பவன் நான். என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: "எக்ஸ்பாஸ் 0.5 போட்டேன், பெட்டி நடுவில் வராமல் வலப்பக்கம் தள்ளி நிற்கிறதே?"

எக்ஸ்பாஸ் சொல்வது திரையின் அகலத்தில் எந்த இடம் என்பதை மட்டும்தான். பெட்டியின் எந்தப் புள்ளி அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை எக்ஸ்ஆங்கர் சொல்கிறது. ஆங்கரை நாம் தொடாவிட்டால் அது 0, அதாவது இடது ஓரம். அதனால் திரையின் நடுவில் வந்து நிற்பது பெட்டியின் இடது ஓரம். எக்ஸ்அலைன் 0.5 என்று எழுதினால் எக்ஸ்பாஸ், எக்ஸ்ஆங்கர் இரண்டுமே 0.5 ஆகிவிடும், பெட்டியும் நடுவுக்கு வந்துவிடும். இன்னொன்று, தசமப் புள்ளி வைப்பதில் கவனம் வேண்டும். எக்ஸ்பாஸ் 1 என்றால் ஒரு பிக்சல்; 1.0 என்றால் முழுத் திரை அகலம். பெட்டியைக் காணோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தப் புள்ளியைத்தான்.

சரி, எங்கே மாற்றுவது? திரைகளின் கோடு இருக்கும் ஸ்கிரீன்ஸ் ஃபைலுக்குள் உடனே இறங்காதீர்கள். அளவுகளும் நிறங்களும் இருக்கும் ஜியுஐ ஃபைலில் உள்ள எண்களிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். 1920க்கு 1080 அளவில் தொடங்கிய ப்ராஜெக்டில் டயலாக் எக்ஸ்பாஸ் (பெட்டிக்குள் எழுத்து தொடங்கும் இடம்) 402, டயலாக் அகலம் 1116 என்று இருக்கும். கூட்டினால் 1518, 1920இல் மீதி 402. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் கதாபாத்திரத்தின் முகம் வைக்க எக்ஸ்பாஸை 600 ஆக்கினால், அகலத்தையும் 918 ஆகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வரிகள் வலது ஓரத்தை நோக்கி ஓடும்.

இந்த எண்கள் பெட்டியின் ஓரத்திலிருந்து எண்ணப்படுபவை. பெட்டி திரை முழுக்க நீண்டிருக்கும்வரை இது உறைக்காது. ஸ்கிரீன்ஸ் ஃபைலில் பெட்டியின் அமைப்பான விண்டோ ஸ்டைலுக்குப் போய், அகலம் முழுக்க நிரப்பும் எக்ஸ்ஃபில்லை எடுத்துவிட்டு, எக்ஸ்சைஸ் (அகலம்) 1200 என்று சுருக்கிப் பாருங்கள், உடனே தெரியும். அப்போது டயலாக்குக்கு எக்ஸ்பாஸ் 60, அகலம் 1080 பொருந்தும். 360இல் இருக்கும் பேசுபவரின் பெயரையும் 60 பக்கம் இழுத்து வையுங்கள். பின்னணிப் படம் தானாகச் சுருங்காது. அதை ஃப்ரேம் (ஓரங்களை விட்டு நடுவை மட்டும் நீட்டும் பட வகை) ஆக்கி, இடம், மேல், வலம், கீழ் என்ற வரிசையில் பார்டர் அளவு கொடுத்தால் மூலைகள் நசுங்காமல் நடுப்பகுதி மட்டும் நீளும், சுருங்கும்.

நிறங்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பட்டன் சும்மா இருக்கும்போது வரும் ஐடில் கலர், அதன் மேல் மவுஸ் வந்தால் வரும் ஹோவர் கலர் இரண்டும் ஜியுஐ ஃபைலிலேயே இருக்கின்றன. ஹோவர் நிறம் ஐடிலை விடப் பளிச்சென்று இருந்தால் போதும். 

விளையாடுபவர் பதிலைத் தேர்ந்தெடுக்கும் சாய்ஸ் மெனுவில் ஆங்கர் மறுபடி வேலைக்கு வரும், இம்முறை மேலிருந்து கீழாக. அது ஒய்பாஸ் 405, ஒய்ஆங்கர் 0.5 என்று வருகிறது. மெனுவின் நடு அங்கே நிற்பதால், சாய்ஸ்கள் கூடக்கூட மேலும் கீழும் சமமாக வளரும். டயலாக் பெட்டியின் உயரம் 278, அதாவது அது 802இல் தொடங்குகிறது. ஒய்பாஸ் 780, ஒய்ஆங்கர் 1.0 கொடுத்தால் மெனுவின் அடி பெட்டிக்குச் சற்று மேலே நிலையாக நிற்கும். எத்தனை சாய்ஸ் சேர்த்தாலும் மேல்நோக்கித்தான் வளரும். எனக்கு இதுதான் பிடித்த அமைப்பு.

விளையாட்டை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஷிப்ட்டும் ஆர்-உம் அழுத்தினால் மாற்றம் அப்படியே திரையில் வரும். ஷிப்ட்டோடு ஐ அழுத்தினால் மவுஸ் நிற்கும் பொருளுக்கு எந்த ஸ்டைல் போகிறது என்று காட்டும்.

அப்புறம், ஜியுஐ ஃபைலின் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் விடாதீர்கள். ஃபோனுக்கான எண்கள் அங்கே தனியாக இருக்கின்றன. மேலே மாற்றியதை அங்கேயும் மாற்றாவிட்டால் ஃபோனில் எழுத்து பழைய இடத்திலேயே நிற்கும். ரென்பையைத் திறந்ததும் வரும் லாஞ்சரின் ஆண்ட்ராய்டு பக்கத்தில், ஃபோனைப் போலவே ஓட்டிக் காட்டும் ஃபோன் எமுலேஷன் இருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே சரிபார்த்துவிடலாம்.