உச்சிக்குழி அமுங்கினால் தொக்கம் எடுக்கப் போகாதீர்கள்

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு வயிற்றால் போனால் முதலில் எழும் பேச்சு, "தொக்கம் விழுந்திருக்குமுங்க, எடுத்துட்டா நின்னு போயிரும்" என்பதுதான். தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது என்ற நம்பிக்கைதான் தொக்கம். அக்கா மகனுக்குப் பத்து மாதம் இருக்கும்போதும் அப்படித்தான். சித்திரை வெயிலில் இரண்டு பஸ் மாறித் தூக்கிப் போனார்கள். தொக்கம் எடுப்பவர் ஊதி, ஏதோ சக்கையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எல்லோருக்கும் நிம்மதி. காலையிலிருந்து பையன் மூத்திரமே போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று.

உச்சிக்குழி அமுங்கியதைப் பார்த்து, "சீர் தட்டிருச்சு சாமி" என்றார் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா. மந்திரித்தால் தீரும் என்று ஊரில் நம்பும் தோஷம் அது. அவர் கண்ணுக்குப் பட்டது சரிதான். உச்சிக்குழி அமுங்குவதும் கண் குழிவதும் நாக்கு வறள்வதும் உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். மந்திரிக்கப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பாலையும் நிறுத்துவது. போகத்தான் போகும், போனதை ஈடுகட்டத்தானே கொடுக்கிறோம். தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம்.

ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கலக்குவதிலும் கோளாறு நடக்கிறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுதாகக் கொட்டிக் கலக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை போட்டால் உப்பின் அளவு தப்பிப்போகும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாக. அட்டைப்பெட்டியில் வந்த இனிப்புப் பானங்களையும் ஓஆர்எஸ் என்ற பெயரில் வாங்கினோமே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டது. டாக்டர் தரும் துத்தநாக மருந்து 14 நாளுக்கு. வயிற்றுப்போக்கு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை, துவண்டு கிடப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் மருந்தில் ஒரே எச்சரிக்கை. பாராசிட்டமால் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250. சிரப் மூடியால் டிராப்ஸை அளந்தால் மருந்து பல மடங்காகிவிடும். அளவு வயதுக்கல்ல, எடைக்கு. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி தொட்டாலே வீட்டு வைத்தியம் கிடையாது. மூத்த பிள்ளையின் இருமல் சிரப்பைச் சின்னதுக்கு ஊற்றுவதும், ஒரு வயதுக்குள் தேனில் குழைத்து எதையாவது நாக்கில் தடவுவதும் வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலில் வெட்டி இழுத்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம், வாயில் ஸ்பூனை விடுகிறோம். இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முன்பே நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.