சுங்கத்தில் சிக்கிய அலுமினியக் கம்பி: என் அனுபவம்

ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் கடையும் எங்கள் லேத் பட்டறைக்கு, இந்தியாவிலிருந்து 6061 ரகக் கலப்பு அலுமினிய உருளைக் கம்பிகள் வரவழைத்தோம். பத்திரங்கள் பொருந்தவில்லை என்று கொழும்பில் சரக்கை நிறுத்திவிட்டார்கள்.

முத்திரை, கையொப்பம் எல்லாம் பார்த்தோம், குறையில்லை. எடையும் பெட்டிக் கணக்கும் சரி. நாட்கள்தான் ஓடின.

அப்புறம்தான் சரக்கின் வகையைக் காட்டும் சுங்கக் குறியீடு கண்ணில் பட்டது. சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் மூலச் சான்றிதழில் 7604.10, எங்கள் சுங்கப் பிரகடனத்தில் 7604.29. பின்னது கலப்பு அலுமினியத்துக்கு, முன்னது கலப்பில்லாத அலுமினியத்துக்கு உரியது. கலப்பில்லாததில் எடைக்குக் குறைந்தது 99 சதவீதம் அலுமினியம் இருக்க வேண்டும், மக்னீசியம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 6061இலோ மக்னீசியம் மட்டுமே 0.8 முதல் 1.2 சதவீதம்! விற்றவர் விலைப்பட்டியலில் ரகத்தைக் குறிப்பிடாமல் வெறுமனே 'அலுமினியக் கம்பி' என்று போட்டிருந்தார். வினை அங்கேதான்.

உலோகத்தின் கலவையைக் காட்டும் ஆலையின் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கினோம். அதிலிருந்த வார்ப்பு எண்ணும் (ஒரே தடவையில் உருக்கி வார்த்த உலோகத்துக்குக் கொடுக்கும் எண்) கம்பியின் முனையில் குத்தியிருந்த எண்ணும் ஒன்றுதான். அந்த முனையைப் படமெடுத்து, திருத்திய மூலச் சான்றிதழோடு கொடுத்ததும் சரக்கை விட்டார்கள். அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இப்போது ரக எண்ணும் ஆறு இலக்கக் குறியீடும் விலைப்பட்டியலில் இல்லாமல் நாங்கள் பணம் அனுப்புவதில்லை.